முப்பத்தைந்தில் ஒரு பங்கு விஜயந்தா

விஜயந்தா டாங்கியின் பீரங்கிக் குழலின் உள்விட்டம் 105 மில்லிமீட்டர். அதை 35-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 3 வரும். எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபிலின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். இங்கிலாந்தின் நியூகாசிலில் முதல் உருவம் பெற்று, ஆவடியில் வளர்ந்து, பஞ்சாப் வயல்வெளியிலும் ராஜஸ்தான் மணலிலும் ஓடிய 39 டன் எஃகு, ஒரு வீட்டு மேசையில் 22.6 சென்டிமீட்டர் நீளமுள்ள பொருளாக மறுபடி பிறக்கும் பயணம் இந்த வகுத்தலில் தொடங்குகிறது.

மாடல் செய்வதற்குச் சுலபமான வழி கடையில் கிட் வாங்கி ஒட்டுவது. ஷெர்மன், டைகர், டி-34 போன்ற டாங்கிகளுக்கு எத்தனையோ நிறுவனங்களின் கிட்கள் உண்டு. விஜயந்தாவை அப்படிப் போய் வாங்கிவர முடியாது. வெளிநாட்டுக் கிட் என்றாலே சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. ஆகவே விஜயந்தாவை விரும்புகிறவர் காயலான் கடையில் தொடங்குகிறார். தகடும் குழாயும் கம்பியும் கொண்டு எல்லாப் பாகத்தையும் தானே செய்வதை மாடல்காரர்கள் ‘ஸ்க்ராட்ச் பில்ட்’ என்கிறார்கள். கட்டி முடித்ததன் மேல் வெயில், மழை, புழுதி, துரு ஆகியவற்றின் தடங்களை ஏற்றுவது ‘வெதரிங்’. இரண்டுக்கும் பணத்தைவிட அதிகமாகத் தேவைப்படுவது அந்த வண்டியின் வாழ்க்கை வரலாறு. அது தெரியாமல் ஒரு தகட்டை வெட்டவும் முடியாது, ஒரு துருப்புள்ளி வைக்கவும் முடியாது.

எஃகாக இருந்த காலம்

சொந்த மண்ணில் டாங்கி உற்பத்தி செய்ய இந்தியா முடிவெடுத்து, 1961-இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. விக்கர்ஸின் கணக்கு தெளிவானது: எடை 40 டன்னுக்குள் இருக்க வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும், ஆனால் பீரங்கியில் குறை இருக்கக் கூடாது. அதனால் செஞ்சூரியன் டாங்கியில் பேரெடுத்த 105 மில்லிமீட்டர் எல்7 பீரங்கியை எடுத்துக்கொண்டார்கள். சீஃப்டன் டாங்கிக்காக உருவாகிவந்த லேலண்ட் எல்60 என்ஜினைச் சேர்த்துக்கொண்டார்கள். விட்டுக்கொடுத்தது கவசத்தை. முன்புறத்தில்கூட விஜயந்தாவின் கவசம் 80 மில்லிமீட்டர்தான்.

1963-இல் முன்மாதிரிகள் தயாராயின. முதல் தொகுதி டாங்கிகள் நியூகாசிலின் எல்ஸ்விக் தொழிற்சாலையிலிருந்து வந்தன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டிய முதல் விஜயந்தா 1965-இல் வெளியே வந்தது. நான்கு பேர் குழு, பக்கத்துக்கு ஆறு ஓடுசக்கரம், பின்னால் என்ஜின். பீரங்கியோடு சேர்த்து 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. இலக்கின் தூரத்தைக் கணிக்க முதலில் அதைச் சுட்டுப் பார்ப்பார்கள். அதன் ஒளிரும் தோட்டா போய் விழும் இடத்தை வைத்துப் பெரிய பீரங்கியைச் சரிசெய்வார்கள். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் விஜயந்தா களத்தில் இருந்தது. பின்னர் ஆவடியிலேயே டி-72 டாங்கி உற்பத்தி தொடங்க, விஜயந்தா மெல்லப் பின்வரிசைக்குப் போய், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் படையிலிருந்து விடைபெற்றது. இன்று பல ஊர்களில் பீடங்களின் மேல் நிற்கிறது.

இந்த வரலாற்றின் ஒவ்வொரு வரியும் மாடலுக்கு வேலை செய்கிறது. எடையைக் குறைக்க மெல்லிய கவசம் வைத்தார்கள் என்றால் தகட்டின் தடிமன் தெரிந்துவிடுகிறது. சீஃப்டனில் எண்ணெய்க் கசிவாலும் பழுதாலும் தொல்லை கொடுத்த என்ஜின் இது என்றால், என்ஜின் மூடிகளின் மேல் எங்கே கறை விழும் என்று தெரிந்துவிடுகிறது.

முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது

1/35 என்ற விகிதத்துக்கு எந்த நாட்டு அளவைமுறையிலும் வேர் கிடையாது. மரம் அறுக்கும் தொழிலில் தொடங்கி மர மாடல்களுக்கு மாறிய ஜப்பானின் தாமியா நிறுவனம், 1961-இல் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. அது மோட்டாரில் ஓடும் பொம்மை. உள்ளே பாட்டரிகளும் மோட்டாரும் அடங்குகிற அளவுக்கு உடற்பகுதியை வைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டபோது அது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. விற்பனை நன்றாக இருக்கவே அடுத்த டாங்கிகளையும் அதே விகிதத்தில் செய்தார்கள். மற்ற நிறுவனங்களும் பின்தொடர, இரண்டு பாட்டரியின் பருமன் உலகம் முழுவதும் ராணுவ மாடல்களின் அளவுகோலாகிவிட்டது.

அந்த அளவுகோலில் விஜயந்தாவை வைத்துப் பார்ப்போம். உடற்பகுதியின் நீளம் 7.92 மீட்டர், மாடலில் 22.6 சென்டிமீட்டர். முன்னோக்கிய பீரங்கியோடு 9.79 மீட்டர், மாடலில் 28 சென்டிமீட்டர். அகலம் 3.17 மீட்டர், மாடலில் 9 சென்டிமீட்டர். உள்ளே நிற்கும் 170 சென்டிமீட்டர் உயர வீரர் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருவார்.

நீளமும் அகலமும் புத்தகங்களில் கிடைக்கும். டிரைவர் மூடியின் விட்டமோ, முன்தகட்டின் சாய்வோ கிடைக்காது. அவற்றைப் புகைப்படத்திலிருந்து எடுக்க வேண்டும். பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கும் டாங்கி என்றால், அனுமதி கேட்டு, தொலைவில் நின்று ஜூம் வைத்து, நேர் பக்கவாட்டிலும் நேர் முன்புறத்திலும் படம் எடுக்க வேண்டும். கிட்டத்தில் நின்று எடுத்த படத்தில் அருகிலுள்ள பாகம் பெருத்தும் தூரத்துப் பாகம் சிறுத்தும் தெரியும். அதிலிருந்து எடுக்கும் அளவு தப்பாகிவிடும். படத்தில் தெரிந்த நீளம் ஒன்று இருந்தால் போதும். அச்சிட்ட படத்தில் 7.92 மீட்டர் உடற்பகுதி 198 மில்லிமீட்டர் நீளம் வந்தால், படத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் உண்மையில் 40 மில்லிமீட்டர். மீதி எல்லாம் ஸ்டீல் ஸ்கேலும் பெருக்கலும்தான். இப்படி எடுத்த எண்களைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து முடிக்கும்போது, கிட் வாங்கியவர் ஒருபோதும் கவனித்திராத முப்பது நாற்பது விவரங்கள் கைக்குள் வந்திருக்கும்.

குப்பையிலிருந்து உடல்

பழைய பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். மாடல்காரர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். 6 என்றால் பாலிஸ்டைரீன். கிட்கள் செய்யப்படும் அதே பொருள். பழைய சிடி உறைகள், சில வெள்ளைத் தட்டுகள், கிண்ணங்கள் இந்த இனம். கட்டர் பிளேடால் கோடு கிழித்து மடக்கினால் நேராக உடையும். தின்னர் அதைக் கரைத்து ஒட்டவைக்கும். 3 என்றால் பிவிசி; அதுவும் உதவும். 5 என்றால் பாலிப்ராப்பிலீன். பசையும் ஒட்டாது, பெயின்டும் நிற்காது, அதைத் திரும்ப வைத்துவிடலாம்.

காலாவதியான ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். உலகெங்கும் ஒரே தரம், எந்த வங்கியின் அட்டையானாலும் மாறாது. அதை 35-ஆல் பெருக்கினால் சுமார் 27 மில்லிமீட்டர் எஃகு. மூன்று அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 2.28 மில்லிமீட்டர்; உண்மையில் அது 80 மில்லிமீட்டர். விஜயந்தாவின் முன்கவசம் மூன்று பழைய அட்டைகளில் அச்சாக வந்துவிடுகிறது. எங்கும் தெரியாத உள்பகுதிக்கு எந்தத் தடிமனும் போதும். ஆனால் மூடி திறந்திருக்கும் இடத்தில் தகட்டின் ஓரம் வெளியே தெரியும். அங்கே தடிமன் சரியாக இருந்தால்தான் கண் அதை எஃகு என்று நம்பும்.

விஜயந்தா ஸ்க்ராட்ச் பில்டுக்கு இணக்கமான டாங்கி. அதன் டரட், அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதி, வார்ப்பில் வந்ததல்ல. உருட்டிய எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது. விக்கர்ஸ் பின்னாளில் செய்த மூன்றாம் மாடலில்தான் டரட்டின் முன்பகுதி வார்ப்பானது. வார்த்த டரட்டின் உருண்டையை அட்டையில் கொண்டுவருவது பெரும்பாடு. தகடு தகடாகச் சேர்ந்த டரட்டுக்குக் கோணம் சரியாக இருந்தால் போதும். முதலில் சாதாரண அட்டைத்தாளில் வெட்டி, செலோ டேப்பால் ஒட்டிப் பார்த்து, விளிம்புகள் சேர்ந்த பிறகே பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டும்.

பற்றவைத்த தழும்பு இல்லாத மூலை பொய் சொல்லும். அதற்கு, இரண்டு களிம்புகளாக வரும் எம்-சீல் போதும். இரண்டு களிம்பையும் பிசைந்து, பவுடர் தூவிய கண்ணாடியில் நூலாக உருட்டி, இணைப்பில் பதித்து, ஈரமான ஊசிமுனையால் நெருக்கமாக அழுத்திக்கொண்டே போனால் வெல்டிங் வரி எழும்பும். சிறு இடைவெளிகளை அடைக்க, தெர்மாகோலைக் கொஞ்சம் தின்னரில் போட்டால் கூழாகக் கரையும். தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான் என்பதால் காய்ந்ததும் உடலோடு ஒன்றிவிடும். இந்த வேலைகளைத் திறந்த ஜன்னலருகே, அடுப்பும் மெழுகுவத்தியும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். உப்புத்தாள் போடும்போது நீர் தொட்டுத் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறாது. பிவிசியைச் சூடான கம்பியால் வெட்டவோ எரிக்கவோ கூடாது. அந்தப் புகை நஞ்சு.

கைப்பிடிகளுக்கு மின்வயரின் ஒற்றைச் செம்புக் கம்பி. இழுவடத்துக்கு மெல்லிய செம்பு இழைகளை முறுக்கிய கயிறு. டரட்டின் பக்கத்தில் இருக்கும் புகைக்குண்டுக் குழல்களுக்கு ரீஃபில் துண்டுகள். பெரிஸ்கோப் கண்ணாடிக்குச் சிடி உறையின் தெளிந்த பாகம். சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்க்கு, நீர்த்த ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ தாள்; ஈரமாக இருக்கும்போதே மடிப்பு வைத்துவிட வேண்டும்.

பொறுமையைச் சோதிப்பவை சக்கரமும் சங்கிலிப் பட்டையும். பக்கத்துக்கு ஆறு, ஒவ்வொன்றும் இரட்டை. மொத்தம் 24 வட்டுகள். ஒன்றை மட்டும் சிரத்தையாகச் செய்து, சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து, மீதியை ரெசினில் வார்ப்பது நல்லது. இந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பேன். 24 வட்டும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் கீழே விழுந்துவிடும். பட்டையின் கண்ணிகளையும் அதே வழியில் வார்க்கலாம்.

இனி எடை. நீளம் 35 பங்கு குறைந்தால் கன அளவு 42,875 பங்கு குறைகிறது. 39 டன்னை அதால் வகுத்தால் 910 கிராம் வருகிறது. பிளாஸ்டிக் மாடல் அதற்கு வெகு தூரம் கீழே நிற்கும். அந்த இலேசு கண்ணுக்குத் தெரிந்துவிடும்: சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதக்கும், பட்டை விறைத்து நிற்கும். எஃகுப் பட்டை தன் பாரத்தால், அதன் மேற்பாகத்தைத் தாங்கும் மேலுருளைகளுக்கிடையே தொய்ந்து தொங்கும். விஜயந்தாவில் பக்கத்துக்கு மூன்று மேலுருளைகள். அந்தத் தொய்வைப் பசை வைத்து, பஞ்சு கொடுத்து அழுத்தி வரவழைக்க வேண்டும். வயிற்றுக்குள் பழைய நட்டு, போல்ட் ஒட்டி வைத்தால் கையில் எடுக்கும்போதும் டாங்கி டாங்கியாக இருக்கும்.

எந்த ஆண்டின் புழுதி?

உடல் முடிந்ததும் சாம்பல் பிரைமரை மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். 0.1 மில்லிமீட்டர் பெயின்ட் இந்த விகிதத்தில் மூன்றரை மில்லிமீட்டர் கனம். தடித்த பூச்சு போல்ட்டுகளையும் வெல்டிங்கையும் விழுங்கிவிடும். பிறகு பச்சை. டப்பாவில் இருக்கும் பச்சையை அப்படியே பூசினால் மாடல் கறுத்துத் தெரியும். தொலைவில் நிற்கும் பொருளின் நிறம் காற்றினூடே வெளிறித்தான் கண்ணுக்கு வரும். ஆகவே சிறிது மணல் நிறம் கலக்க வேண்டும். சாதாரண அக்ரிலிக் பெயின்டே இதற்குப் போதும்.

பலரும் இதற்குப் பிறகு கைபோன போக்கில் அழுக்காக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கேதான் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது எந்த ஆண்டின் விஜயந்தா?

1965 என்றால், ஆவடியிலிருந்து வெளிவந்த புது வண்டி. மூலைகளில் மெல்லிய நிழல் போதும். சோதனை ஓட்டத்தில் பட்டையும் சக்கரமும் மட்டும் கொஞ்சம் புழுதி கண்டிருக்கும்.

1971 என்றால், குழுவினர் மாதக்கணக்காக ஏறி இறங்கிய வண்டி. கால் வைக்கும் இடத்திலும் மூடியின் ஓரத்திலும் பெயின்ட் தேய்ந்து எஃகு மினுங்கும். அதற்கு 6பி பென்சிலின் கரி போதும். கிழித்த ஸ்பாஞ்சின் நுனியில் கரும்பழுப்பைத் தொட்டு, துடைத்து, விளிம்புகளில் ஒற்றினால் உதிர்வுகள் வரும். ஒரு மில்லிமீட்டர் உதிர்வு உண்மையில் மூன்றரை சென்டிமீட்டர் காயம் என்பதால் கை அடங்கியே இருக்க வேண்டும். எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றி எண்ணெய் நிறத்தில் பளபளக்கும் கறை, என்ஜின் மூடிகளில் எண்ணெய்ப் பிசுக்கு, இரு வீச்சு டீசல் என்ஜினின் புகைபோக்கியில் கரி. பட்டை தரையைத் தொடும் முகம் எப்போதும் பளபளக்கும். உட்குழிகளில் மண் இறுகும். வறண்ட மணல் நாட்டில் துரு குறைவு, புழுதி அதிகம். ஈரமான வயல்நாட்டில் மண் கட்டி கட்டியாக ஒட்டும்.

இன்றைய நாள் என்றால், பீடத்தில் நிற்கும் ஓய்வுபெற்ற வண்டி. பல முறை பூசிய எனாமல் பெயின்டில் வெல்டிங் வரிகள் மழுங்கியிருக்கும். சக்கரத்தின் ரப்பருக்கும் சேர்த்து அதே பச்சை அடித்திருப்பார்கள். மழைநீர் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே துரு வரியை இழுத்திருக்கும். எண்ணெய்க் கறையும் கரியும் இருக்கவே கூடாது. ஓடாத என்ஜினுக்கு அவை ஏது?

ஒரே வண்டி, மூன்று வெவ்வேறு தோல். 1971-இன் எண்ணெய்க் கறையும் பீடத்தின் துரு வரியும் ஒரே மாடலில் சேர்ந்தால், தனித்தனியாக எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எந்த நாளிலும் இருந்திராத வண்டி. வெதரிங் செய்கிறவர் வைக்கும் ஒவ்வொரு கறையும், யார் செய்தது, எப்போது, எந்த ஊரில் என்ற மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கைமுறைகள் ஒரே நாளில் பிறந்தவையல்ல. 1970-களில் அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெய்ன், மோனோகிராம் கிட்களோடு வந்த குறிப்புத் தாள்களில் மாடல்களைக் களச்சூழலோடு காட்டி ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார். பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன், நீர்த்த கறுப்பைப் பள்ளங்களில் ஓடவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை வெளிச்சமாக்கும் முறையைப் பரவலாக்கினார். இன்று கடையில் இதற்கென்றே சிறு சிறு குப்பிகள் விற்கிறார்கள். அவற்றின் வேலையை ஓவியருக்கான ஆயில் கலர் மூன்று குழாயும் டர்பன்டைனும் செய்துவிடும். கரும்பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கவைத்து போல்ட்டின் அடியில் நுனித் தூரிகையால் தொட்டால் தானே ஓடிப் பள்ளத்தை நிரப்பும். புள்ளியாக வைத்து, சற்று உலரவிட்டு, ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுத்தால் மழைக்கோடு. கீழே பச்சை அக்ரிலிக் நன்றாகக் காய்ந்திருந்தால் ஆயில் அதைக் கரைக்காது. பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

புழுதிக்குப் புழுதியே சிறந்தது. சாக்பீஸ் தூளையும் உண்மையான மண்ணையும் மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். சலிக்காத மண்ணில் ஒரு மில்லிமீட்டர் மணல் கிடந்தால் அது மூன்றரை சென்டிமீட்டர் ஜல்லி. உலர் தூரிகையால் கீழ்ப்பாகத்தில் அடர்த்தியாகவும் மேலே போகப் போக இலேசாகவும் படியவிட்டு, விளிம்பில் ஒரு துளி டர்பன்டைனைத் தொட்டால் அது தானே பரவித் தூளைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த வண்டி

முடிந்த மாடலுக்கு எதிரிகள் நேர்வெயிலும் நிஜத் தூசியும். கண்ணாடிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. இனிப்புக் கடையின் தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்தால் போதும். அடியில் ஒரு சீட்டு வைக்க வேண்டும்: வண்டியின் பெயர், விகிதம், எந்த ஆண்டு, எந்த நிலம்.

அதைவிட முக்கியமாகப் பத்திரப்படுத்த வேண்டியது கட்டம் போட்ட தாளில் வரைந்த அளவுகள். விஜயந்தாவின் பயணம் விஜயந்தாவோடு முடியவில்லை. அதன் அடிப்பாகத்தை நீட்டி, பக்கத்துக்கு ஏழு சக்கரம் வைத்து, சோவியத் 130 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றியபோது காட்டபுல்ட் என்ற பீரங்கி வண்டி பிறந்தது. பாலத்தைச் சுமந்துபோய் விரிக்கும் கார்த்திக் வண்டியும் அந்த அடிப்பாகத்தில் எழுந்ததுதான். சக்கரத்தின் அச்சு கையில் இருக்கிறது, பட்டையின் அச்சு இருக்கிறது, தகடுகளின் கோணம் தாளில் இருக்கிறது. இந்த வண்டிகளைச் செய்ய விரும்புகிறவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

ஆகவே அந்தத் தாளைப் பிரதியெடுத்து, இந்த வேலையில் ஆசையுள்ள இளைஞர் யாருக்காவது கொடுங்கள். எந்த எண் புத்தகத்திலிருந்து வந்தது, எது புகைப்படத்திலிருந்து கணக்கிட்டது, எது கண்ணளவு என்று பக்கத்தில் குறித்துக் கொடுங்கள். ஆவடியில் இனி யாரும் விஜயந்தா கட்டப்போவதில்லை. சரியான அளவுகள் உள்ள ஒரு தாளும், மூன்று பழைய அட்டைகளும், அந்த வண்டியின் கதையைத் தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இருக்கும் எந்த வீட்டிலும் அதைக் கட்டலாம்.